அம்மா பெட்டியில் ஒன்பதாம் ரீல்

போன மாதம் மன்னார்குடியில் நம் வகுப்புப் பிள்ளைகள் கூடினோமே, அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சினிமாப் பேச்சு வந்தது நினைவிருக்கிறதா? பிள்ளைகள் என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. எல்லாருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஆளுக்கொரு டைரக்டர் பெயரைச் சொல்லி, அவர்தான் பெரியவர், இல்லை இவர்தான் என்று சண்டை போட்டீர்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனசு உறுத்தியது. ஒருவரைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேரப்பிள்ளைகளை விட்டுப் போனில் தேடச் சொல்வீர்கள். ஒன்றும் வராது. பெரிய ஆளில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவீர்கள். எங்கள் வீட்டில் டைரக்டர் என்றால் அவர் ஒருவர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மொத்தம் ஐந்து படம் எடுத்தார். எதுவும் பத்து நாள் தாண்டி ஓடியதாக எனக்குத் தெரியாது. முதல் இரண்டும் எங்கள் கொட்டகைக்கு வந்தன, ஒரே வருஷத்தில். அப்போது எனக்குப் பதினொரு வயது.

வலங்கைமான் போகிற ரோட்டில் இருந்த எங்கள் கொட்டகைக்கு உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். அது முதலில் ரைஸ் மில்காரரின் நெல் கோடவுன். என் தகப்பனார் (எங்களுக்கு அத்தா) அதைக் குத்தகைக்குப் பிடித்து, ஒரு பக்கச் சுவரில் வெள்ளையடித்துத் திரை கட்டி, சினிமாக் கொட்டகை ஆக்கினார். எத்தனை பெருக்கினாலும் தவிட்டு வாசனை போகாது. புரொஜக்டர் வெளிச்சம் கிளம்பியதும் அதற்குள் தவிட்டுத் தூசி தங்கமாகச் சுழலும். ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவில் இடுப்பளவுச் சுவர். படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர் மாமா புரொஜக்டரில் எரிந்து தீர்ந்த கார்பன் குச்சிகளை எனக்கென்று எடுத்து வைப்பார். சிமெண்டுத் தரையில் அவற்றால் நான் வரைந்த யானைகளை வேலைக்காரம்மா திட்டிக்கொண்டே கழுவுவார். ரோஸ் காகித நோட்டீஸ்கள், கண்ணாடி சிலைடுகள், மணி அடிக்கிற இரும்புத் துண்டு எல்லாம் இருந்தன. இன்று ஒன்றுகூட என்னிடம் இல்லை.

முதல் படம் கார்த்திகை மழையில் வந்தது. நாங்கள் அதைக் குடைப் படம் என்போம். ஒரு குமாஸ்தா பக்கத்து வீட்டில் குடை இரவல் வாங்குகிறான். திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் ஒருவர் அதை அவனிடம் இரவல் கேட்கிறார், அவரிடம் இன்னொருவர். குடை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. இடைவேளையில் பாதிப் பேர் அத்தாவைத் திட்டிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்கள். நானும் அம்மாவும் மழைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தோம்.

அதில் ஒரு காட்சி. குடையைத் தேடி குமாஸ்தா ஒரு வீட்டுக்குள் போகிறான். அந்த வீட்டம்மாள் தன் மகன் ஆற்றில் போன கதையைச் சொல்கிறாள். அவள் குரல் மட்டும் கேட்கிறது. திரையில் அந்தக் குமாஸ்தாதான் இருக்கிறான். அவன் கையில் சொட்டச் சொட்ட வேறொரு இரவல் குடை. அதைக் கீழே வைத்தால் சத்தம் வரும், வைக்காவிட்டால் அவள் வீட்டுத் தரை நனையும். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நிற்கிறான். நான் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசுறவங்களத்தான் எல்லாரும் காட்டுவாங்க," என்றார் அம்மா வீடு திரும்பும்போது. "இந்த ஆளு கேக்குறவங்களக் காட்டுறாரு."

அவர் படங்களைப் பற்றி நான் பிறகு படித்த எதுவும் இதைவிட நன்றாகச் சொல்லவில்லை.

இரண்டாவது படம் தை மாதம் வந்தது. அந்தத் தை உங்களுக்கும் மறந்திருக்காது. ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகவில்லை. கறுப்புச் சிவப்புக் கொடி புதுசாகப் பறக்கிற கடைத்தெருவைத் தாண்டினால் வயல்களில் செங்கொடி. சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தர வேண்டும் என்றது விவசாயத் தொழிலாளர் சங்கம். முடியாது, வெளியூர் ஆளை இறக்குவோம் என்றார்கள் மிராசுதார்கள். கிழக்கே கூலித் தகராறில் குடிசைகள் எரிந்த செய்தி வந்திருந்த நேரம். நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு அறைகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. நாம் வேப்பமரத்தடியில் கணக்குப் போட்டோம்.

அந்தச் சமயத்தில் வந்த படம், நிலம் அளக்க ஒரு கிராமத்துக்கு வரும் சர்வேயரைப் பற்றியது. படப்பெட்டி வருவதற்குள் பேச்சு வந்துவிட்டது. "பண்ணையாள் மிராசுதார் நாற்காலியில உக்காருறானாமே" என்று டீக்கடையில் சொன்னார்களாம். அத்தா பயந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆப்பரேட்டர் மாமாவை ஓட்டச் சொல்லி, தனியாக உட்கார்ந்து பார்த்தார். நான் ஸ்கூலுக்குப் போகாமல் வயிற்றுவலி என்று சொல்லிப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் ரீலில் அந்தக் காட்சி வந்தது. வயலில் சர்வேயர் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறார். அதன் முனையைப் பிடித்து நிற்பவர் ஒரு வயதான பண்ணையாள். வெயிலில் அவர் கை நடுங்குகிறது. "நின்னா கை ஆடுது பெரியவரே, உக்காந்து புடிங்க" என்கிறார் சர்வேயர், தூரத்திலிருந்து, நிமிர்ந்தும் பார்க்காமல். அங்கே இருப்பது மிராசுதாருக்காகக் கொண்டுவந்து போட்ட பிரம்பு நாற்காலி ஒன்றுதான். பெரியவர் அதைப் பார்க்கிறார். சங்கிலியைப் பார்க்கிறார். உட்காருகிறார்.

"நிறுத்து!" என்று கத்தினார் அத்தா. "நிறுத்துய்யா!"

ஆப்பரேட்டர் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாய், இன்னும் கொஞ்சம் பாக்கலாமே" என்றார்.

"என்னத்தப் பாக்குறது? இத ஓட்டினா நாளைக்குக் கொட்டகை இருக்காது. அந்த ரீலையே எடுத்துடு."

மாமா கோபத்தில் மீதியையும் கையால் சுற்றி முடித்து, டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அத்தா அதைத் துண்டில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அன்று மாட்டினி ஒன்பதாம் ரீல் இல்லாமல் ஓடியது.

அங்கேதான் வினை. ரீல் இல்லாமல் படம் எப்படி ஆகிவிட்டது தெரியுமா? மிராசுதார் குடையை விரித்துக்கொண்டு கோபமாக வயலுக்குப் புறப்படுகிறார். அடுத்த காட்சியில் வீட்டில் குப்புறப் படுத்திருக்கிறார். மனைவி அவர் முதுகில் தேங்காயெண்ணெய் தடவுகிறாள். "அந்த வரப்புப் பக்கம் இனிமே போவீங்களா?" என்று கேட்கிறாள். அவர் "ஐயோ, ஐயோ" என்கிறார்.

தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. வயலில் மிராசுதாரை அடித்துவிட்டார்கள் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். இல்லாத அடியை எங்கள் அத்தாவே உண்டாக்கிவிட்டார்.

ஆட்டம் விட்டதும் சங்கத் தலைவர் டிக்கெட் அறைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், மெதுவாகத்தான் பேசுவார்.

"பாய், நீங்க ரெண்டு பக்கமும் போறவர்னு எங்களுக்குத் தெரியும். ஆனா அடிக்கிற காட்சிய வெட்டினது தப்பு. ஞாயித்துக்கிழமை மாட்டினிக்கு எங்க ஆளுங்க மொத்தமா வருவோம். முழுப் படமும் ஓடணும்."

"அப்படி ஒரு காட்சியே இல்லிங்க."

"அப்ப எண்ணெய் எதுக்குத் தடவுறாங்க?"

எண்ணெய் எதற்கு என்று அத்தாவுக்கு எப்படித் தெரியும்? முழுவதும் பார்த்திருந்தால்தானே!

ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர் மிராசுதாரின் வில்வண்டி வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. அத்தாதான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன பாய், எங்க முதுகுல எண்ணெய் தடவி ஊருக்குக் காட்டுறீராமே? ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். நாற்காலி எடுத்து வையும்."

பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு கல் விழுந்தாலும் கொட்டகையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றார். அத்தா அன்று சோற்றில் கை வைத்ததோடு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனைக்குள்ளே அந்த ரீலின் புளித்த வாசனை. டப்பாவைத் திறந்து பிலிமின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மாமா திருப்பிச் சுற்றாமல் கொடுத்திருந்ததால் காட்சியின் முடிவுதான் மேல் சுற்றில் இருந்தது. தபால்தலை அளவில் சின்னச் சின்னப் படங்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, பெரியவர் நாற்காலியில் இருந்தார். மிராசுதார் வரப்பில், தரையில் உட்கார்ந்திருந்தார்! இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுனியை ஒட்டிய படங்களில், மிராசுதார் எழுந்து நின்று இரண்டு கையாலும் தன் முதுகைத் தானே அறைந்துகொண்டிருந்தார். வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். வரப்பில் எறும்புப் புற்று.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாசலுக்கு ஓடிப் போய் அத்தாவிடம் சொன்னேன்.

"அத்தா, யாரும் அடிக்கல. எறும்புதான் கடிக்குது."

"நேத்து வயித்துவலின்னு சொன்னவ இங்க என்ன பண்றே? உள்ள போ" என்றார். நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அன்று மாட்டினிக்கு வழக்கம்போலப் பெண்கள் பக்கம், நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஒருவர். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, காலரில் மடித்து வைத்த கைக்குட்டை. அவர் படத்தையே பார்க்கவில்லை. சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் காட்சி வந்து விசில் கிளம்பியதும் திடுக்கிட்டு எழுந்தார். பிறகு உட்கார்ந்து, சுவருக்கு மேலே குனிந்து என்னிடம் கேட்டார்.

"பாப்பா, நடுவுல ஏதாவது வந்துச்சா? நான் கண்ணசந்துட்டேனா?"

"இல்ல. அது எங்கம்மா பெட்டியில இருக்கு."

"எது?"

"ஒன்பதாம் ரீலு. எறும்பு கடிக்கிறது."

அவர் என்னையே பார்த்தார். "அதுல எறும்பு கடிக்குதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"நானே பாத்தேன். ஜன்னல்ல வெச்சு."

"நான்தாம்மா இந்தப் படத்த எடுத்தவன்," என்றார் அவர். ஏதோ தப்பு செய்தவர் ஒப்புக்கொள்வது போல இருந்தது அந்தக் குரல். தன் படம் ஓடுகிற ஊர்களுக்கு பஸ் பிடித்துப் போய், பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து சனங்களைப் பார்ப்பது அவர் பழக்கம் என்று பிறகு தெரிந்தது.

நானே அவரை வீட்டுக்கு அழைத்துப் போனேன். வேலைக்காரம்மா ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்த கையோடு அத்தாவும் மூச்சிரைக்க வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, இரண்டு அடி வாங்கியிருந்தால் தேவலை.

டைரக்டர் கோபப்படவில்லை. அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"முழுசா பாத்தீங்களா, பாய்?"

"இல்லிங்க. அந்த ஆளு உக்காந்ததும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"இன்னும் மூணு நிமிஷம் பாத்திருக்கலாம்."

அத்தாவுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "நீங்க சொல்லுவீங்க. படத்த எடுத்துட்டு மெட்ராஸ் போயிடுவீங்க. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல கடை வெச்சிருக்கேன். எங்க பயம் உங்களுக்குத் தெரியாதுங்க."

டைரக்டர் டீயைக் கீழே வைத்தார். "அது வாஸ்தவம்தான்," என்றார். "நாற்காலியில உக்காந்திருக்காரே, அவர் நடிகர் இல்ல. நெசமாவே பண்ணையாள். உக்கார மாட்டேன்னு அழுதுட்டாரு. அரை நாள் ஆச்சு. அப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. போட வேண்டாம்னா போட வேண்டாம் பாய். பெட்டியத் திருப்பி அனுப்பிடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

"எறும்பு?" என்றேன் நான்.

"எறும்ப நாங்க கூப்பிடல. அதுவா வந்துச்சு. மிராசுதாரா நடிச்சவரு நெசமாவே குதிச்சாரு. நான் கேமராவ நிறுத்த வேணாம்னு சொன்னேன். அவ்வளவுதான் என் வேலை."

அம்மா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நடந்த எல்லாம் அப்போதுதான் அவருக்கு முழுவதும் விளங்கியது.

"யா அல்லா! எறும்புக்காங்க ரெண்டு நாளா சோறு திங்காம கிடந்தீங்க?"

அத்தா அம்மாவைப் பார்த்தார், டைரக்டரைப் பார்த்தார். பிறகு அம்மாவிடமே கேட்டார், "அந்தப் பெட்டி சாவி எங்கே?"

பூட்டுப் போட்ட பெட்டியே இல்லை அது. அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினிக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னாலும் பின்னாலும் எங்கள் கொட்டகைக்கு வந்ததில்லை. தரை முழுக்கச் சங்கத்து ஆட்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்வரிசை நாற்காலியில் மிராசுதார், இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள். கதவருகே இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீசும். அத்தா திரைக்குப் பக்கத்தில், நெருப்புக்கென்று வைத்திருந்த மணல் வாளியோடு நின்றார். எட்டாம் ரீல் முடிகிற நேரத்தில் கொட்டகைக்குள் ஒரு இருமல்கூட இல்லை. ஓட்டுக்குள் குருவி சிறகடிப்பது கேட்டது.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் யாரோ ஒருவன் பாதி எழுந்து நின்றான். பின்னால் நாற்காலி நகரும் சத்தம். திரையில் அப்போது பெரியவர் இல்லை. மிராசுதாரின் முகம் இருந்தது. அவர் வருகிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த முகத்தில் கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறு ஏதோ வரப் பார்த்தது. தூரத்திலிருந்து சர்வேயரின் குரல், "ஐயா, அவர எழுப்பிடாதீங்க. இப்ப எழுந்தா உங்க நெலத்துல ரெண்டடி கொறஞ்சிடும்!"

மிராசுதார் குடையை மடக்கினார். சுற்றிலும் பார்த்தார். உட்கார வேறு எதுவும் இல்லை. துண்டை உதறி வரப்பில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். பெரியவர் நடுங்கிக்கொண்டே, "சாமி, நீங்க இங்க..." என்றார். "பேசாதடா, சங்கிலி ஆடுது" என்றார் மிராசுதார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம்! வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள்.

அப்புறம் மிராசுதாரின் தோள் லேசாக ஒரு பக்கம் நெளிந்தது. மறுபடியும் நெளிந்தது.

"ஐயோ, எறும்பு!" என்று என் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அம்மா கத்தினார்.

முதலில் பெண்கள் பக்கம்தான் சிரிப்பு வெடித்தது. படத்தில் அவர் துள்ளி எழுந்ததும் தரை முழுக்கச் சிரித்தது. நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். எங்கள் ஊர் மிராசுதார் துண்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. இன்ஸ்பெக்டர் எப்போது பெஞ்சில் உட்கார்ந்தார் என்று தெரியாது, தொப்பி அவர் மடியில் இருந்தது. அடுத்து வந்த எண்ணெய்க் காட்சிக்கு யாரும் விசிலடிக்கவில்லை. படத்து மனைவியின் கேள்விக்குப் பாதிக் கொட்டகை பதில் சொன்னது, "போக மாட்டாரும்மா!"

வெளியே வரும்போது சங்கத் தலைவர் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கா பாய் வெட்டினீங்க?"

மிராசுதார் வண்டியேறும்போது சொன்னது இன்னும் விசேஷம். "வரப்புல வேப்பம்புண்ணாக்கு தூவியிருக்கணும். படம் எடுக்குறவனுக்கு விவசாயம் தெரியல."

படம் பார்த்து யாரும் மனம் மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். கூலித் தகராறு அதற்குப் பிறகும் பத்து நாள் நடந்தது. தாலுகா ஆபீஸில் பேசி, கேட்டதில் பாதிக்கு ஒத்துக்கொண்டார்கள். அறுவடை நடந்தது. நம் பக்கம் ஒரு குடிசையும் எரியவில்லை, ஒருவர் மண்டையும் உடையவில்லை. அதற்குக் காரணம் பேசி முடித்தவர்கள்தான். அந்த மூன்று நிமிஷம் நாங்கள் எல்லாரும் ஒரே எறும்புக்குச் சிரித்தோம் என்பது மட்டும் நிஜம்.

டைரக்டர் பிறகு எடுத்த மூன்றையும் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தேடிப் போய்ப் பார்த்தேன். கடைசிப் படத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பெண் நிற்கிறாள். டாக்டர் முன்னால் நிற்கிறவரிடம் சொல்வதெல்லாம் அவள் முகத்தில்தான் நமக்குத் தெரிகிறது. தியேட்டரில் பதினாலு பேர் இருந்தோம். 'கதையே இல்லை' என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அவர் கேலி செய்யத் தெரியாதவர் என்றும் எழுதினார்கள். யாரையும் சின்னதாக்காமல் சிரிக்க வைத்தவர் அவர். அது அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான் ரிஜிஸ்டர் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். பாகப் பத்திரம் வாசிக்கும்போது வாசிக்கிறவரைப் பார்த்ததே இல்லை. எதிரே கேட்டுக்கொண்டிருக்கிற அண்ணன் தம்பிகளின் முகத்தைத்தான் பார்ப்பேன். பல சண்டைகள் அங்கேயே தெரிந்துவிடும். சில, அங்கேயே நின்றும் போயிருக்கின்றன. அதை அவரிடம்தான் கற்றேன். இதை அவருக்கு ஒரு கடிதமாகவாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் டைரக்டரைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அத்தாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். வெயில் இன்னும் கொல்லைச் சுவரில் இருந்தது. அம்மா சோறும் மீன் குழம்பும் வைத்தார். அத்தா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "கொஞ்சம் முதுகச் சாய்க்கிறேன்" என்று பாயில் படுத்தார். அடுத்த நிமிஷம் குறட்டை. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குறட்டை. நானும் அம்மாவும் சமையலறை வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டோம். எழுப்பிவிடுவோமோ என்று பயந்து, தட்டைக்கூட எடுக்காமல், வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தோம்.